அப்பாவின் படத்துக்கு இரவல் நட்சத்திரம் வேண்டாம்

கண்ணு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கவரின் கனத்தைப் பார்த்ததுமே பயந்துபோய் பெங்களூரிலிருந்து பஸ் ஏறிவிடுவாய். அலுப்புதான், வேறொன்றுமில்லை. கண் ஆபரேஷன் செய்த பிறகு பார்வை தெளிந்துவிட்டது, ஆனால் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் தலை பாரமாகிவிடுகிறது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். எஸ்டிடி பூத்தில் பின்னால் ஆள் நிற்க, மீட்டர் ஓட ஓட, இதையெல்லாம் எப்படிப் பேசுவது? அதுவுமில்லாமல் நான் வாயைத் திறந்தால் நீ "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்றே என்னைப் பேசவிடாமல் முடித்துவிடுவாய். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை.

வால்நட்சத்திரங்களைப் பற்றிய புத்தகத்தில் வரப்போகிற இரண்டு பக்கங்களின் மாதிரியை அனுப்பியிருந்தாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். வலது பக்கம் தொண்ணூற்றேழில் நீ கம்ப்யூட்டர் கேமராவில் எடுத்த வால்நட்சத்திரம், கீழே உன் பெயர். இடது பக்கம் எண்பத்தாறில் உன் அப்பா பிலிமில் எடுத்த வால்நட்சத்திரம், கீழே அவர் பெயர். அவர் பெயரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் நல்லா இருக்குதுங்க என்றாள். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. வாலைச் சுற்றி எத்தனை நட்சத்திரம்! பிறகுதான் நீ வைத்திருந்த சீட்டைப் படித்தேன். "அம்மா, நீங்க அடைச்ச நட்சத்திரத்தையெல்லாம் நான் திருப்பி வெச்சுட்டேன். வான வரைபடத்தைப் பார்த்து, அததை அதது இடத்துல, துளி பிசகாம வெச்சிருக்கறேன். இனி அப்பாவை ஆரும் ஒண்ணும் சொல்ல முடியாது." அதைப் படித்த பிறகு அந்தப் பக்கத்தைத் திரும்பப் பார்க்கவே எனக்கு மனசு வரவில்லை. உனக்கு நல்ல மனசு என்று தெரியும். அதனால்தான் கோபப்படவும் முடியாமல் அலுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் நட்சத்திரத்தை அடைத்த கதை நம் வீட்டில் கேலிப் பேச்சாகவே இருந்துவிட்டது. நீ அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். உனக்குத் தெரிந்தது பாதி, நாங்கள் சிரிப்பதற்காகச் சேர்த்துச் சொன்னது பாதி. நடந்ததை முழுசாக ஒரு முறை கேட்டுக்கொள்.

உன் அப்பா சிவகாசிப் பக்கத்துக்காரர். அங்கே அச்சாபீஸ்களுக்குப் பிலிம் எடுக்கிற கேமராவில் வேலை பழகிவிட்டு இங்கே திருப்பூருக்கு வந்தவர். பனியனில் படம் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்ப ஆரம்பித்த காலம் அது. அந்தப் படங்களுக்குப் பிலிம் எடுத்துக் கொடுக்கிற ஸ்டுடியோவில் அவர் கேமராமேன், நான் டச்சிங். எங்கள் கல்யாணத்தில் என் அப்பாவுக்கு, உன் அப்புச்சிக்கு, இஷ்டமில்லை, காங்கேயத்திலிருந்து வெகுநாள் நம் வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அது வேறு கதை. டச்சிங் வேலை என்ன என்று உன் மனைவிக்கும் தெரியட்டும், அவளுக்கும் படித்துக் காட்டு. பிலிம் முழுக்கக் கறுப்பாக இருக்கும், டிசைன் மட்டும் வெள்ளையாகத் தெரியும். எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் எங்கோ ஒரு தூசி உட்கார்ந்து, கறுப்பில் ஊசி குத்தினது மாதிரி வெள்ளைப் புள்ளிகள் விழுந்துவிடும். பின்ஹோல் என்போம். அதை அப்படியே விட்டால் ஒவ்வொரு புள்ளியும் பனியனின் நெஞ்சில் சாயப் பொட்டாக விழும். ஷிப்மென்ட்டே திரும்பி வரும். அதனால் கண்ணாடி மேஜைக்கு அடியில் டியூப்லைட்டைப் போட்டு, மேலே பிலிமை விரித்து, மெல்லிய பிரஷ்ஷால் வெளிச்சம் ஊடுருவாத ஓப்பேக் மையைத் தொட்டு ஒவ்வொரு புள்ளியாக அடைக்க வேண்டும். காலையில் குனிந்தால் சாயங்காலம்தான் நிமிர்வேன். அந்த வேலையெல்லாம் இப்போது கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. அது ஒழிந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, கழுத்து வலி மட்டும் மிச்சம்.

எண்பத்தாறில் வால்நட்சத்திரம் வருகிறது என்று பேப்பரில் போட்டதும் உன் அப்பாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. கல்யாணப் படம் எடுக்கிற ஒரு சினேகிதரிடம் கேமரா இரவல் வாங்கினார். லேத் பட்டறையில் இரண்டு பலகைக்குக் கீல் போட்டு, நடுவில் ஒரு திருகாணி வைத்து வாங்கி வந்தார். வானம் நகர்கிற வேகத்துக்குத் திருகாணியைக் கையால் திருகிக்கொண்டே இருந்தால் கேமராவும் கூடவே நகரும், நட்சத்திரம் கோடாக இழுக்காமல் புள்ளியாக விழும் என்று எனக்கு விளக்கம் வேறு. ஊருக்குள் வெளிச்சம் அதிகம் என்பதால் காங்கேயம் தாண்டி ஒரு எண்ணெய் மில்லின் தேங்காய்க் களத்துக்குப் போனோம். வெட்டவெளி. விடியப்போகிற நேரம், தெற்கே தாழ்வாகத் தெரிந்தது. நான் கொப்பரை நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு, என்ன பெரிய வால், வெளக்குமாத்துக் குச்சி கணக்காக இருக்கிறதே என்று சொன்னேன். அவர் காதில் வாங்கவே இல்லை, திருகிக்கொண்டே இருந்தார். கிறுக்குத்தனம்தான், ஆனால் அந்த நேரத்தில் அவரைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

நெகடிவ் நன்றாக விழுந்திருந்தது. சென்னையில் நடந்துகொண்டிருந்த ஒரு அறிவியல் மாத இதழ், வாசகர்கள் எடுத்த படங்களைக் கேட்டிருந்தது. எங்களிடம் போட்டோ பேப்பர் கிடையாது, பிலிம்தான் கிடந்தது. டெவலப்பரில் தண்ணீரைக் கூட்டி, பதமாகக் கழுவி, பெரிய பிலிமிலேயே ஒரு பாசிட்டிவ் போட்டார். கறுப்பு வானம், வெள்ளை வால். அதைக் காயப்போட்டுவிட்டு, கேமரா விளக்குக்குக் கார்பன் குச்சி வாங்க ஈரோடு கிளம்பினார். காய்ந்ததும் பேக் பண்ணி ரிஜிஸ்டர் தபாலில் போட்டுவிடு என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு மேஜை நிறைய அவசர வேலை. வேலைக்கு நடுவில் அதையும் எடுத்து விரித்தேன். வாலைச் சுற்றி ஒரே புள்ளி. அவசரத்தில் கழுவியிருக்கிறார் பாவம் என்று நினைத்தேன். வானத்தில் நட்சத்திரம் இருக்கும் என்பது உனக்குத் தெரியாதா என்று கேட்பாய். தெரியாமல் என்ன? ஆனால் அந்த மேஜையில் உட்கார்ந்துவிட்டால் எனக்கு வால்நட்சத்திரம்தான் டிசைன், மற்றதெல்லாம் பின்ஹோல். பெரிசு, சிறிசு ஒன்றுவிடாமல் அடைத்தேன். துணிக்கடைப் பொம்மைக்குப் பொட்டு வைக்கிற பக்குவத்தில் அடைத்தேன். சாயங்காலம் அவர் வந்ததும் தபாலில் போட்டுவிட்டதைச் சொன்னேன். புள்ளியெல்லாம் சுத்தம் செய்தே அனுப்பியிருக்கிறேன் என்று அதையும் சொன்னேன், பாராட்டுவார் என்று.

அவர் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. கத்தவில்லை. கீழே உட்கார்ந்துவிட்டார். "ஒன் கை சுத்தமான கைம்மா. அதான் வெனையாப் போச்சு" என்றார். மறுநாளே இதழுக்கு எழுதினார், அதற்குள் படம் அச்சுக்குப் போய்விட்டது. ஒரு நட்சத்திரம்கூட இல்லாத வானத்தில் தன்னந்தனியாக ஒரு வால். அடுத்த மாதமே ஒரு வாசகர் கடிதம் வந்தது. நட்சத்திரமே இல்லாத வானம் எங்கே இருக்கிறது, இது கறுப்புத் துணியில் பஞ்சை ஒட்டி எடுத்த படம், திருப்பூர்க்காரருக்குப் பஞ்சு மலிவு என்று எழுதியிருந்தார் அந்த மகராசன். ஸ்டுடியோவில் அதைச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். டெலிவரிக்கு வருகிறவர்கள்கூட "ஏனுங்க, அடுத்து நெலாவுக்குப் பஞ்சு எத்தனை கிலோ வேணுமுங்க?" என்று கேட்டார்கள். ஒருநாள் அவர் பேசாமல் எழுந்து போய், நெகடிவைக் கழிவு பிலிம் மூட்டையில் போட்டுவிட்டார். அந்த மூட்டையை வாங்கிப் போய் எரித்து, பிலிமில் இருக்கிற வெள்ளியை எடுப்பார்கள், உனக்குத் தெரியும். பிறகு இதழிலிருந்து பதில் வந்தது, நெகடிவை அனுப்பினால் உண்மையைப் போடுகிறோம் என்று. அதற்குள் மூட்டை போயிருந்தது. என் மேல் வந்த கோபத்தை என்னிடம் காட்டியிருந்தால் நெகடிவாவது மிஞ்சியிருக்கும். கோபம் வந்தால் காட்டிவிடு கண்ணு. உன் மனைவியிடம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிவதைவிட இரண்டு வார்த்தை திட்டிவிடுவது நல்லது. அவளும் திருப்பித் திட்டுவாள், வாங்கிக்கொள்.

அதற்குப் பிறகு அவர் வானத்துப் பக்கம் கேமராவைத் தூக்கவே இல்லை. தொண்ணூற்றேழில் நீ படம் எடுத்துவிட்டு எங்களைப் பெங்களூருக்குக் கூப்பிட்டாயே, அன்றைக்குத்தான் மறுபடி வாய் திறந்தார். நீ கம்ப்யூட்டரில் முதலில் கேமராவிலிருந்து வந்ததை வந்தபடியே காட்டினாய். அதிலும் கண்டபடி வெள்ளைப் புள்ளிகள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இதெல்லாம் நட்சத்திரம் இல்லைங்கப்பா, கேமராவுக்குள்ள இருக்கிற சிப்போட கோளாறு, மெஷினே எடுத்துடும் என்று சொன்னாய். "அப்ப ஒங்கம்மா வேலைய இது பாக்குதாக்கும்" என்றார். பிறகு, எது நட்சத்திரம் எது கோளாறு என்று அதற்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். மூடியைப் போட்டுக்கொண்டு ஒரு படம் எடுப்போம், இருட்டிலும் எந்தப் புள்ளி தெரிகிறதோ அது பொய்ப் புள்ளி, அதை மட்டும் கழித்துவிடுவோம் என்று நீ சொன்னாய். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். இன்னொரு தடவை சொல்லு என்றார். ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் சேலம் வருகிறவரை அதையே பேசிக்கொண்டு வந்தார். பிலிமா கம்ப்யூட்டரா என்று நீங்கள் சண்டை போடுவீர்கள் என்று நான் பயந்துகொண்டு வந்தேன். அவருக்கு அந்தச் சண்டையே இல்லை. பொய்ப் புள்ளியை மட்டும் எடுக்கிறார்கள், நல்ல புள்ளியைத் தொடுவதில்லை, அது போதும் என்றார். மறு வருஷம் போய்விட்டார்.

இப்போது உன் கல்யாண ஆல்பத்துக்கு வருகிறேன். அதில் என் பக்கத்தில் அப்பாவை நிற்க வைத்துவிட்டாய். பழைய படத்திலிருந்து எடுத்து, வேட்டி சட்டையோடு, தோளில் துண்டோடு, என்னமோ தாலி கட்டும்போது அவரும் அங்கே இருந்தது போல. எல்லா ஸ்டுடியோவிலும் செய்கிறார்கள், நானும் ஒன்றும் சொல்லவில்லை. பொய் என்று தெரிந்தும் அந்தப் பக்கத்தைத்தான் அடிக்கடி திறந்து பார்க்கிறேன். அது நம் வீட்டுக்குள் இருக்கிற படம். பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் அவர் இல்லை என்பது தெரியும். புத்தகம் அப்படி இல்லை கண்ணு. அதைத் திறக்கிறவனுக்கு அவரையும் தெரியாது, என்னையும் தெரியாது. எண்பத்தாறில் இப்படித்தான் இருந்தது, இந்த ஆள் இப்படித்தான் பிடித்தார் என்று நம்பிவிடுவான். ஒருநாள் யாராவது அந்த நட்சத்திரங்கள் பிற்பாடு வைத்தவை என்று கண்டுபிடித்தால் என்ன ஆகும்? பஞ்சு ஒட்டினவர் என்று அந்த மகராசன் எழுதினது அன்றைக்குப் பொய். நீ செய்திருப்பது அதை மெய்யாக்கிவிடும். அவர் பெயர் போட்ட படத்தில் அவர் கேமராவில் பிடிக்காத நட்சத்திரம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. என்னால் அவர் ஒரு தரம் பொய்யர் ஆனார். உன்னாலும் ஆக வேண்டாம்.

அதனால்தான் போன வாரம் போன் போட்டு, அந்தப் பிலிமையே எனக்கு அனுப்பு என்றேன். நின்றுபோன இதழின் ஆசிரியர் வீட்டில் தேடிப் பிடித்து நீ வாங்கி வந்தாயே, அந்தப் பாசிட்டிவ். ஸ்கேன் பண்ணியாச்சே, அது எதுக்குங்கம்மா என்று கேட்டாய். எனக்கே தெரியாமல்தான் கேட்டேன், சும்மா கையில் வைத்துக்கொள்ளலாம் என்று. கூரியரில் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து வெயிலில் சாய்த்துப் பிடித்தேன். நேராகப் பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்பு. சாய்த்தபோது பிலிம் பளபளத்தது, அங்கங்கே மட்டும் மங்கலாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. என் மை. பிலிமுக்குள் இறங்காமல் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. உன் ஸ்கேனருக்கு இரண்டு கறுப்பும் ஒன்றுதான், அதன் மேல் குற்றம் சொல்ல முடியாது. எனக்கும் அதுவரைக்கும் தோன்றவில்லையே. தண்ணீரில் கரைகிற மைதான் நாங்கள் பயன்படுத்தியது. அந்தப் பிலிம் இத்தனை வருஷம் எங்கள் கையில் இல்லை, இருந்திருந்தால் அவரே ஒரு துணியை நனைத்துத் துடைத்திருப்பார்.

ஆற வைத்த வெந்நீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்து, ஓரத்தில் ஒரு திட்டின் மேல் வைத்தேன். உடனே வரவில்லை, காய்ந்து இறுகிப் போயிருந்தது. ஊற விட்டு, எடுத்து, மறுபடி ஊற விட்டு, கடைசியில் கரைந்தது. ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். வெள்ளையாக ஒரு புள்ளி. தேங்காய்க் களத்தில் அவர் திருகிக்கொண்டே இருந்து பிடித்த நட்சத்திரம், அத்தனை வருஷமும் என் மைக்கு அடியில் அப்படியே இருந்திருக்கிறது. சத்தமாகவே அவரைக் கூப்பிட்டேன், "ஏனுங்க, இங்க வந்து பாருங்க" என்று. வீட்டில் யாரும் இல்லாததால் பிழைத்தேன்.

இதுவரை வாலின் மேல்பக்கம் முழுக்கக் கழுவிவிட்டேன். எல்லாம் நல்லபடியாக வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சில இடத்தில் மையோடு பிலிமின் மேல்தோலும் உரிந்துவிட்டது, அங்கே என்ன இருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது. அந்த இடங்களை நிரப்பாதே, காயமாகவே இருக்கட்டும். இன்னொரு சங்கடமும் இருக்கிறது. மைக்கு அடியில் இருந்தது எல்லாமே நட்சத்திரம் இல்லை. அன்றைக்கு அவர் அவசரத்தில் கழுவினார் என்று நான் நினைத்ததும் முழுக்கத் தப்பில்லை, நெகடிவில் தூசியும் உட்கார்ந்திருக்கிறது. தூசியும் வெள்ளைப் புள்ளி, நட்சத்திரமும் வெள்ளைப் புள்ளி. கையில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பார்த்தேன், எனக்குப் பிரித்துத் தெரியவில்லை. அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. அவருக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

உனக்குத் தெரியும் கண்ணு. உன்னிடம் வானத்தின் வரைபடம் இருக்கிறது. அதை வைத்து நட்சத்திரத்தை நட்டாய், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அதை வைத்துச் சரிபார். புத்தகக்காரரிடம் இடது பக்கத்துக்கு ஒரு மாதம் தவணை கேள். முடியாது என்றால் உன் படம் மட்டும் வரட்டும், உன் அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார், இவ்வளவு காலம் பொறுத்தவர். கழுவின பிலிமை எங்கே படமாகப் போட்டாலும், நட்சத்திரங்களை அவர் மனைவி தவறுதலாக அடைத்துப் பிறகு அவளே கழுவினாள், சில போய்விட்டன என்று கீழே ஒரு வரி போடு. வெட்கமாக இருக்கும் என்று பார்க்காதே, எனக்கு அந்த வயசெல்லாம் போய்விட்டது.

மீதி கீழ்ப்பக்கம் இருக்கிறது. தலை பாரமாகிறது, தனியாக இனி முடியாது. சனிக்கிழமை வந்துவிடு, உன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வா. வரைபடத்தையும் எடுத்து வா. நான் கழுவக் கழுவ, ஒவ்வொரு புள்ளியாக நீ பார்த்துச் சொல். நட்சத்திரம் என்றால் விட்டுவிடலாம். தூசி என்றால் அடைக்க வேண்டியதுதான், பழைய பிரஷ் ஒன்று இன்னும் இருக்கிறது. இந்தத் தரம் கேட்டுவிட்டு அடைக்கிறேன்.

அம்மா